பூனையின் சிரட்டையில் எதைப் போடலாம்?

எங்கள் வீடுகளில் பூனைக்கென்று தனியாக உலை வைப்பதில்லை. மீன் வெட்டும்போது தலையும் வாலும் அதற்கு. சாப்பிட்டு முடிந்தபின் கோப்பையில் மிஞ்சியிருக்கும் குழம்புச் சோறும் அதற்கு. பிள்ளைக்குக் கரைத்த பால்மாவில் அடியில் கொஞ்சம் நின்றால் அதுவும் அதற்குத்தான். அடுப்படி மூலையில் கிடக்கும் ஒரு சிரட்டை அதன் சாப்பாட்டுப் பாத்திரம். அளம்பிலிலிருந்து மாத்தளன் வரை எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான் நடைமுறை.

சில மாதங்களுக்கு முன்னர் எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கோழி வளர்ப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் இளம் தாய் எழுந்து கேட்டார்: "அக்கா, எங்கட பூனை ஒரு கிழமையா ஒழுங்காச் சாப்பிடுதில்லை. முரசெல்லாம் வெள்ளையாக் கிடக்கு. நாங்கள் தின்னுறதைத்தான் குடுக்கிறம். அது கூடாதே?"

முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் விடவில்லை. "நல்ல கதை! நாங்கள் தின்னுறது பூனைக்கு நஞ்சே? என்ரை அம்மம்மா காலத்திலை இருந்து குழம்புச் சோறுதான். ஒரு பூனையும் அதாலை சாகேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இருவருடைய கதையிலும் நியாயம் இருந்தது. நான் கால்நடை வைத்தியர் அல்ல. ஆடு, கோழி வளர்ப்புப் பயிற்சிகளுக்குப் பெண்களைச் சேர்த்து ஒழுங்கு செய்பவள். அந்தப் பழக்கத்தில் வைத்தியர்களிடம் கேட்டும் தேடி வாசித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

"மனிசருக்கே சாப்பாட்டுக்கு வழியில்லை, உங்களுக்குப் பூனையின்ரை கவலை" என்று யாரும் நினைக்கக்கூடும். 2008ஆம் ஆண்டின் கடைசியிலும் 2009இன் தொடக்கத்திலும் நாங்கள் வீடுகளைவிட்டு ஓடியபோது பூனைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பிள்ளைகளைத் தூக்கவே கை போதவில்லை. பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் எமக்குக் கிடைத்த உலருணவு அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். அவற்றுள் ஒரு பூனையை உயிரோடு வைத்திருக்கக்கூடியது எதுவும் இருக்கவில்லை. மீளக்குடியமர வந்தபோது பற்றை மூடிய வளவுகளில் எலியும் பாம்பும்தான் எங்களுக்கு முன்னரே குடியேறியிருந்தன. நெல்மூடையையும் வலையையும் எலியிடமிருந்து காப்பாற்ற உறவினர் வீடுகளிலிருந்து பூனைக்குட்டி கேட்டு வாங்கி வந்தோம். குடும்பத்தை இழந்து தனித்திருக்கும் தாய் ஒருவர் என்னிடம் சொன்னார்: "இரவிலை கதவடியிலை ஒரு சத்தம் கேட்டா இது காதை நிமிர்த்திப் பாக்கும். அது பேசாமல் படுத்திட்டுதெண்டா நானும் படுத்திடுவன்." அப்படிப்பட்ட உயிருக்கு என்ன போடுகிறோம் என்று பார்ப்பது வீண் கவலையல்ல.

முதலில் அந்த வயதான அம்மாவின் கதைக்கு வருவோம். அவருடைய அம்மம்மாவின் பூனை குழம்புச் சோற்றால் வாழவில்லை. அது குழம்புச் சோற்றையும் தின்றது, அவ்வளவுதான். இரவில் வளவில் எலி பிடித்தது. ஓணான், பல்லி, குருவி, வெட்டுக்கிளி என்று அகப்பட்டதையெல்லாம் தின்றது. ஒரு சுண்டெலியில் ஏறத்தாழ 30 கலோரி இருக்கிறது. பெரிய பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். ஆகவே நாலைந்து எலி பிடித்த நாளில் அது முக்கால் வயிறு நிரம்பியே அடுப்படிக்கு வந்திருக்கும். எலியில் இறைச்சி மட்டுமா? எலும்பில் கல்சியம், ஈரலில் விற்றமின் ஏ, இதயத்தில் ரோறின் என்று பூனைக்கு வேண்டிய எல்லாம் ஒரே பொட்டலமாக இருக்கின்றன. நாங்கள் போட்ட சோறு மேலதிகம்.

இந்த ரோறின் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே போதியளவு உள்ள ஒரு சத்து. எங்கள் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். நாயின் உடம்பும் பெரும்பாலும் செய்துகொள்ளும். பூனையால் தேவையான அளவு செய்ய முடியாது. அது குறைந்தால் பூனையின் கண்ணில் விழித்திரை அழிந்து பார்வை போகும் என்று 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதயத் தசை தளர்ந்து சாவதற்கும் அதே குறைபாடு காரணம் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது கடையில் விற்ற பூனை உணவு என்பதுதான் வியப்பு. அதன் பின்னரே உற்பத்தியாளர்கள் ரோறினைக் கூட்டிச் சேர்த்தார்கள். சோறு, பாண், பருப்பு, புட்டு இவற்றில் இந்தச் சத்து இல்லை. வெளியே வேட்டைக்குப் போகாமல் வீட்டோடு அடைந்து கிடக்கும் பூனைக்கு வெறும் சோறும் குழம்பும் போட்டால் அது வயிறு நிறையத் தின்றபடியே மெலியும்.

அடுத்தது, வெள்ளை முரசுப் பூனை. கூட்டம் முடிந்தபின் அந்த இளம் தாயை இருத்தி விசாரித்தேன். "மீன் போடுறனீங்களோ?" என்றேன். "மீன் பிள்ளையளுக்கே காணாது அக்கா. குழம்பைத்தான் சோத்திலை விட்டுப் பிசைஞ்சு வைக்கிறனான்" என்றார். எனக்கு விடயம் விளங்கியது. குழம்பில் என்ன இருக்கிறது? சின்ன வெங்காயம், உள்ளி, மிளகாய், உப்பு, புளி. மீன் பிள்ளைகளின் கோப்பைக்குப் போகிறது. வெங்காயமும் உள்ளியும் கரைந்த சாறு பூனையின் சிரட்டைக்குப் போகிறது.

வெங்காய இனத்தில் உள்ள சில பொருட்கள் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கின்றன. பூனையின் நிறையில் கிலோ ஒன்றுக்கு 5 கிராம் வெங்காயம் உடம்புக்குள் போனாலே குருதியில் மாற்றம் தெரியத் தொடங்கும். எங்கள் ஊர்ப் பூனை மூன்று கிலோ என்று வைத்தால் 15 கிராம். அது இரண்டு மூன்று சின்ன வெங்காயம்தான். உள்ளி அதைவிடக் கடுமையானது. அவித்தாலும் பொரித்தாலும் காயவைத்துத் தூளாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரே நாளில் தின்னாமல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் பாதிப்பு வரும். முரசு வெளிறும், சோர்வு வரும், மூச்சு வேகமாகும், சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுக்கும். தின்ற அன்றே தெரியாமல் சில நாள் கழித்தே தெரிவதால் நாங்கள் குழம்பைச் சந்தேகிப்பதில்லை.

முரசு வெளிறுவதற்கு உண்ணியும் குடற்புழுவும்கூடக் காரணமாகலாம். ஆகவே அந்தத் தாயைக் கால்நடை வைத்தியரிடம் போகச் சொன்னேன். போனார். வைத்தியர் புழு மருந்து கொடுத்ததோடு குழம்பையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சில கிழமைகளில் பூனை எழும்பி நடமாடியது.

எனக்கு மனதில் உறுத்தியது வேறொன்று. வசதி குறைந்த வீட்டில்தான் பூனைக்குக் குழம்பு போகிறது. மீன் மிஞ்சாது, குழம்பு மிஞ்சும். பால்மா விலை ஏறினாலும் கோப்பையின் அடியில் ஒரு மிடறு மிஞ்சும். எங்களால் விட்டுக்கொடுக்கக்கூடிய பங்கு எதுவோ அதுவே பூனைக்கு ஒவ்வாத பங்காக இருக்கிறது. ஆனால் நாங்கள் வெட்டிக் கொட்டும் பங்கு இருக்கிறதே, அந்த மீன் தலை, வால், தோல், வயிற்றுச் சதை, சினை, அதில்தான் பூனைக்குரிய சத்து முழுவதும் கிடக்கிறது. காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. அடுப்பில் வைக்கும் ஒழுங்கை மாற்றினால் போதும்.

உப்பும் தூளும் வெங்காயமும் போடுவதற்கு முன்னரே பூனையின் பங்கைப் பிரித்துவிட வேண்டும். தலையையும் வாலையும் நன்றாகக் கழுவி, குடலை நீக்கி, சிறிய சட்டியில் மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டு அவியுங்கள். உப்புக்கூட வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் கொதித்து ஆறியதும் விரலால் சதையைப் பிரித்தெடுங்கள். தடித்த முள்ளையும் தலை எலும்பையும் மண்ணில் புதைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாய் கிளறி இழுத்துவரும். மூன்று பங்கு சதைக்கு ஒரு பங்கு சோறு என்ற கணக்கில் பிசையலாம். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ரோறின் தண்ணீரில் கரைவது. பாதிச் சத்து அந்தத் தண்ணீரில் நிற்கும். அதையும் சோற்றில் விட்டே பிசையுங்கள். நெத்தலி கிடைத்தால் இன்னும் நல்லது. மெத்தென்று அவித்து முள்ளோடு மசித்தால் கல்சியமும் சேரும்.

"பூனைக்கு எதற்கு அவிக்க வேண்டும், பச்சை மீன்தானே அதற்கு விருப்பம்?" என்று கடற்கரைப் பெண்கள் கேட்பார்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் காகத்தோடு போட்டிபோட்டுக்கொண்டு பூனைகள் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இடையிடையே ஒரு பச்சை மீன் தின்பதால் பூனை சாகாது. நாள்தோறும் அதுவே உணவு என்றால்தான் சிக்கல். நெத்தலி, சாளை இனத்து மீன்கள் பலவற்றில் விற்றமின் பி1ஐ அழிக்கும் ஒரு நொதியம் உண்டு. 1932இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தோலுக்காக நரி வளர்த்த பண்ணை ஒன்றில் நரிகள் கால் இழுத்துச் செத்தன. அவற்றுக்குப் போட்டது பச்சைக் கெண்டை மீன். பூனைக்கும் இதே நோய் வரும். முதலில் சாப்பாட்டை வெறுக்கும். பின்னர் தள்ளாடும். தலை நெஞ்சை நோக்கிக் கவிழ்ந்துவிடும், வலிப்பும் வரும். நேரத்தோடு பி1 ஊசி போட்டால் விரைவாகத் தேறும். அந்த நொதியத்தை அழிக்க மீனை அவித்தாலே போதும்.

எண்ணெய்ப் பிடிப்பான மீனையே, ரின்மீன் உட்பட, மாதக்கணக்கில் போட்டாலும் விற்றமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு அழற்சியடையும். தடவினாலே பூனை நோவில் கத்தும். ஆகவே மீனுக்கு இடையில் அவித்த முட்டையோ கோழியின் இதயமோ கொடுங்கள். கோழி வளர்ப்பவர்களிடம் வெடித்த முட்டை எப்படியும் இருக்கும். ஈரல் கிழமைக்கு ஒருமுறை சிறு துண்டு போதும். அதிலுள்ள விற்றமின் ஏ மிஞ்சினால் பூனையின் கழுத்தெலும்பு விறைத்துவிடும். வாடைக் காலத்தில் கடல் குமுறி மீன் இல்லாதபோது கருவாடு போடலாம். ஆனால் இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றி, பின்னர் அவித்துப் போடுங்கள். அதுவும் ஒவ்வொரு நாளும் வேண்டாம்.

கரைவலையில் வரும் மீன்களில் ஒன்றை மட்டும் கையாலும் தொட்டுப் பூனைக்குப் போடக்கூடாது. அது வயிறு ஊதும் பேத்தை மீன். அதன் நஞ்சு அவித்தாலும் போகாது. மனிதரையே கொல்லும். மணலில் எறியாமல் ஆழமாகப் புதைத்துவிடச் சொல்லி வீட்டு ஆண்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

மீனும் பூனையும் என்றதும் யப்பானின் மினமாட்டா ஊர் நினைவுக்கு வருகிறது. எங்கள் கள்ளப்பாடு, சிலாவத்தை போலத்தான் அங்கும் கடலோரச் சனம். மூன்று வேளையும் மீன் தின்றார்கள். வலையை எலி கடிக்காமலிருக்கப் பூனை வளர்த்தார்கள். பூனைக்கும் அதே மீன்தான். 1950களின் நடுப்பகுதியில் அந்தப் பூனைகளுக்கு ஏதோ பிடித்ததுபோல் ஆயிற்று. வலிப்பு வந்து சுழன்று சுழன்று ஆடின. சில கடலுக்குள் பாய்ந்து செத்தன. சனம் அதைப் பூனையின் ஆட்டநோய் என்றார்கள். பின்னர் 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நடக்கவும் பேசவும் முடியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். மே 1ஆம் திகதி வைத்தியர் ஹொசொகாவா ஹாஜிமே அந்தப் புதுநோயைச் சுகாதாரப் பணிமனைக்கு அறிவித்தார். அவர் சிஸ்ஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலையின் வைத்தியசாலைக்குப் பொறுப்பானவர். அதே தொழிற்சாலை கடலுக்குள் விட்ட இரசம் மீனில் ஏறி, பூனையிலும் மனிதரிலும் ஏறியிருந்தது. 1959இல் அவர் தொழிற்சாலைக் கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400ஆம் இலக்கப் பூனை என்று அதைக் குறித்தார்கள். அதுவும் அதே நோயில் விழுந்தது. நிறுவனம் அந்த முடிவை மூடி மறைத்தது. அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல்தான். அதுவரைக்கும் கழிவு கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. இரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கடலும் அப்படி என்று பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. ஒரே சட்டியில் தின்னும் இரண்டு உயிர்களில் சின்ன உடம்புக்குத்தான் முதலில் தாக்கும் என்பதை அந்தத் தாய்மார் கண்ணால் கண்டார்கள். அதனால்தான் பழுதாகி மணக்கும் மீனை "பூனைக்காவது ஆகட்டும்" என்று போடக்கூடாது என்கிறேன். எங்களுக்கு வயிற்றோட்டம் தரும் மீன் அதற்கு அதைவிடக் கெடுதல் செய்யும். அதேபோல வீட்டில் பூனையும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தால் அன்றைய சட்டியில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

பாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பால் பூனைக்கு நஞ்சல்ல. ஆனால் தாய்ப்பால் மறந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செமிக்காது. வயிற்றோட்டம்தான் மிச்சம். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? சிரட்டையில் தண்ணீர் வையுங்கள், போதும். சீனியும் வீண். பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது என்று 2005இல் கண்டறிந்திருக்கிறார்கள். சொக்கிளேற்றும் முந்திரிகை வற்றலும் கொடுக்கவே கூடாது.

அடுத்தது உணவல்ல. ஆனால் சோற்றுக்குள் மறைத்துக் கொடுக்கப்படுவதால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. பூனை சோர்ந்து படுத்தால் "காய்ச்சல்போலை" என்று பரசிற்றமோல் குளிசையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. பிள்ளைக்குக் கொடுக்கிறோம், பூனைக்கும் கொடுக்கலாம் என்ற இரக்கம்தான் காரணம். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும், மூச்சு திணறும். அரைக் குளிசையும் வேண்டாம், காற் குளிசையும் வேண்டாம்.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு சொல். பச்சை இறைச்சியும் எலியும் தின்னும் பூனைக்கு ரொக்சோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றலாம். அது பூனையின் மலத்தோடு வெளியே வரும். கர்ப்பிணிக்கு அது தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். இதற்காகப் பூனையை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை. இறைச்சியை அவித்தே கொடுங்கள். மலம் கிடக்கும் மண்ணை வேறொருவர் அள்ளட்டும். வெளியே வந்த கிருமி தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாள் செல்லும் என்பதால் ஒவ்வொரு நாளும் அள்ளிவிட்டால் ஆபத்து மிகவும் குறையும். வேறு ஆளில்லாத வீட்டில் கையுறையோ பொலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு அள்ளி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். தோட்டத்து மண்ணில் வேலை செய்தாலும் அப்படித்தான்.

பூனை இரண்டு நாள் எதுவும் தின்னாவிட்டால் சும்மா விடக்கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். உங்கள் பிரதேசத்துக்குரிய அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே அவர் என்று தயங்க வேண்டாம். என்ன தின்றது, எந்த நாள் தின்றது, சிறுநீர் என்ன நிறம் என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். குளிசை தின்றிருந்தால் அதன் வெறும் மட்டையையும் எடுத்துப் போங்கள். வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் பருக்க வேண்டாம். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினால் அடுத்த நாள் வரை பார்த்திராமல் அன்றே புறப்படுங்கள். சாக்கில் கட்டித் தூக்காமல், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு பழைய துணியை விரித்து அதற்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.